சேப்பாக்கத்தை எங்க ஊருக்குக் கொண்டு வராதீங்க சாமி!

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க புது ஆணியா அடிச்சுக்கிட்டே இருக்கார் எங்க டேமேஜர். ஆனா இந்த விஷயத்தை எழுதாம விட்டா தூக்கம் வராது போல, அதான் ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன்.

மேட்டர் என்னன்னா, போன வாரம் ரயில்ல ஒரு சண்டை. சண்டைன்னா கைகலப்பு இல்லீங்க, வாய்ச்சண்டை தான். செங்கல்பட்டு லோக்கல்ல தினமும் கூட வர்ற ஒரு அண்ணன் இருக்கார். மறைமலை நகர்ல ஏறுவார், உலக விஷயம் எல்லாத்துக்கும் அவர்கிட்ட தீர்வு இருக்கும். அன்னிக்கு அவர் கொடுத்த தீர்வு: "சேப்பாக்கம் ஸ்டேடியத்தை எடுத்துட்டு வந்து நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வச்சிரணும் தம்பி. இடம் இருக்கு, ரோடு இருக்கு, ரயில் இருக்கு. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டைக் கிளாம்பாக்கத்துக்குக் கொண்டு வரல? அந்த மாதிரி தான்."

சுத்தி இருந்த அஞ்சாறு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்க. எனக்கு சிங்கப்பெருமாள் கோவில். நியாயமா பார்த்தா நான் தான் முதல் ஆளா கை தூக்கணும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசில திறந்தப்ப நகரத்துல பாதிப்பேர் திட்டினாங்க, நாங்க மட்டும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டோம். திருச்சி பஸ்ஸைப் பிடிக்க ஊரைத் தாண்டிக் கோயம்பேடு போய், அதே பஸ்ல எங்க ஊர் வழியாவே திரும்பி வர்ற கொடுமை அன்னியோட முடிஞ்சுது. அதே மாதிரி ஸ்டேடியமும் வந்தா, மேட்ச் முடிஞ்சு நடந்தே வீட்டுக்கு வந்துரலாமே!

ஆனா நான் வேணாம்னு சொன்னேன். பரனூர்ல இறங்க வேண்டிய ஒருத்தர் "ஏன் தம்பி?"ன்னு கேட்டார். அதுக்குள்ள எங்க ஊர் வந்துருச்சு, இறங்கிட்டேன். சொல்ல முடியாமப் போன அந்தப் பதில் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பதிலைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்துல சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். எங்க அப்பாவுக்கு அறுபது தாண்டிருச்சு, ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கார். "ஒரு தடவை சேப்பாக்கம் போய்ட்டு வரலாம்டா"ன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தார். சரி, இந்தத் தடவை அழைச்சுக்கிட்டுப் போயிரணும்னு டிக்கெட் விக்கிற அன்னிக்கு ரெண்டு லேப்டாப், மூணு போன் வச்சு போர் முனை மாதிரி உக்காந்தேன். குறைஞ்ச விலை டிக்கெட்டே 1,700 ரூபாய். அது பரவாயில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை தானே. பத்து மணிக்கு உள்ளே போனா, உங்களுக்கு முன்னாடி ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வரிசைல இருக்காங்கன்னு ஒரு நம்பர் காட்டுச்சு. எந்தத் தளம்னு சொல்லி வம்பு வேணாம். அந்த நம்பர் இறங்கி என் முறை வர்றப்ப எல்லாம் வித்துப் போச்சு. ஸ்டேடியத்துல மொத்தம் உக்கார முடியறதே சுமார் 38,000 பேர் தான். கணக்கு எனக்கும் புரியுது. ஆனா அப்பாகிட்ட அதைச் சொல்லத் தான் கஷ்டமா இருந்துச்சு. பொட்டி தட்டற பையன், சொந்த ஊர் மேட்ச்சுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கத் துப்பில்லன்னா என்ன மரியாதை?

அப்பா அலட்டிக்கவே இல்ல. "டிக்கெட் இல்லாட்டி என்னடா? சேப்பாக்கம் இருக்குல்ல, வா போலாம்"னார்.

மதியம் மூணு மணி வாக்குல எங்க ஊர் ஸ்டேஷன்ல ஏறினோம். கடற்கரை வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர். பூங்கா ஸ்டேஷன்ல இறங்கி, பக்கத்துலயே பூங்கா நகர்ல பறக்கும் ரயில் மாறினோம். சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம், அவ்வளவு தான். பறக்கும் ரயில் முதன்முதல்ல 1995ல ஓட ஆரம்பிச்சப்ப கடற்கரைல இருந்து சேப்பாக்கம் வரைக்கும் தான் ஓடுச்சு. அதாவது அந்த ரயிலுக்கே முதல் கடைசி ஸ்டேஷன் இந்த ஸ்டேடியம் தான். இடைல கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட்ல இருந்து 2024 அக்டோபர் வரைக்கும் நிறுத்தி வச்சிருந்தாங்க. அப்ப எங்க மாதிரி தென்புறநகர் ஆளுங்க பட்ட பாடு தனிப் பதிவு.

பிளாட்பாரத்துல நின்னா ஸ்டேடியம் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. ஒரு பக்கம் ஸ்டேடியம், காலடில பக்கிங்காம் கால்வாய் (வாசனை உட்பட), அந்தப் பக்கம் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும், அதுக்கும் அந்தப் பக்கம் மெரினா. கீழே இறங்கினா வாலாஜா ரோடு முழுக்க மஞ்சள். நெத்தில ஒட்டற பட்டி, பீப்பீ, கொடி, கன்னத்துல பெயின்ட் அடிக்கறவங்க, பேர் போடாத மஞ்சள் சட்டையை இருநூறு ரூபாய்ல இருந்து பேரம் பேசற ஆளுங்க. எல்லாரும் பட்டாபிராமன் கேட்டைப் பார்த்து ஓடறாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தோம்.

இங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். 1985ல இருந்து கல்யாணம் ஆகற வரைக்கும் அவர் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசி. அண்ணா சாலைல ஒரு கம்பெனில கணக்குப் பார்க்கற வேலை. ஒரு ரூம்ல மூணு பேர், ஒரு கயித்துல மூணு பேர் வேட்டி. வெளியூர்ல இருந்து வேலை தேடி வந்த பேச்சிலர் பசங்களுக்கு மெட்ராஸ்னாலே அப்ப திருவல்லிக்கேணி தான். ஐ.டி. பசங்களுக்கு வேளச்சேரி, சோழிங்கநல்லூர் எப்படியோ அப்படி.

பெல்ஸ் ரோடுல (இப்ப பாபு ஜெகஜீவன்ராம் சாலை, ஆனா யாரு சொல்றா?) நடக்க ஆரம்பிச்சதுமே அப்பாவுக்கு வயசு இருபது குறைஞ்சுருச்சு. பாரதி சாலைக்கு வந்ததும் "இது பைகிராப்ட்ஸ் ரோடுடா, பழைய புஸ்தகக் கடை வரிசையா இருக்கும்"னு நின்னு நின்னு பார்த்தார். ஜாம்பஜார் மார்க்கெட் பக்கம் போய் ஒரு எட்டு. திருவல்லிக்கேணி ஹை ரோடுல ரத்னா கபேல சாம்பார் இட்லி. இட்லி மேல சாம்பார் ஊத்தறது இல்லீங்க, சாம்பார்ல இட்லியை மிதக்க விடறது. 1948ல இருந்து இதே வேலை. பக்கத்து டேபிள்ல மஞ்சள் சட்டை போட்ட ஒரு குடும்பம், கேட் திறந்துருச்சுன்னு குழந்தைக்கு அவசர அவசரமா ஊட்டிக்கிட்டு இருந்தாங்க.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தா வாலாஜா பெரிய மசூதி, 1795ல கட்டினது. ரம்ஜான் மாசம் அது. சாயங்காலம் நோன்பு திறக்கற நேரம். உள்ளே வரிசையா உக்காந்திருந்தவங்களுக்கு மயிலாப்பூர்ல இருந்து வர்ற சிந்தி அன்பர்கள் பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. பல வருஷமா நடக்கற வழக்கம் இது. நோன்பு திறந்து தொழுகை முடிஞ்சு வெளியே வந்த பசங்கள்ல நாலு பேர் பையில இருந்து மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு பெல்ஸ் ரோடு பக்கம் ஓடினாங்க. இந்தப் பக்கம் பார்த்தசாரதி கோயில்ல இருந்து நெத்தில நாமத்தோட ரெண்டு பேர், அவங்களும் மஞ்சள் சட்டை. நான் ஒண்ணும் பெருசா தத்துவம் சொல்ல வரல. ஒரு கிலோமீட்டருக்குள்ள பல்லவர் காலத்துக் கோயில், நவாப் கட்டின மசூதி, 1768ல கட்டின சேப்பாக்கம் அரண்மனை, பாரதியார் கடைசியா இருந்த வீடு, பேச்சிலர் மேன்ஷன், நாயர் மெஸ்ல மீன் வறுவலுக்கு வரிசை, எல்லாம் இருக்கு. அதுக்கு நடுவுல ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம். இதை யாராவது பிளான் போட்டுக் கட்ட முடியுமா?

மணி ஏழரை. பெல்ஸ் ரோடுல இருந்து பிரியற ஒரு சந்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம். நான் போன்ல மேட்ச் போட்டேன். கலீல் அகமது பந்து வீச வர்றார், ரோகித் சர்மா நிக்கறார். நாங்க டீயை உறிஞ்சிக்கிட்டு இருக்கோம். திடீர்னு ஸ்டேடியம் பக்கம் இருந்து ஒரு சத்தம். சத்தம்னா காதுல கேட்கறது இல்ல, நெஞ்சுல வந்து இடிக்கறது. டீ மாஸ்டர் தலையைத் தூக்காமலே "ரோகித் அவுட்டு"ன்னார். என் போன்ல பார்த்தா அவர் இன்னும் ஜம்முனு நிக்கறார்! அரை நிமிஷம் கழிச்சு தான் போன்ல ரோகித் டக் அவுட் ஆனார்.

இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே, ரெண்டு வரில சொல்லிடறேன். போன்ல வர்ற "நேரலை" நேரலை இல்லீங்க. கேமரால இருந்து வர்ற படத்தைச் சுருக்கி, சில விநாடித் துண்டு துண்டா வெட்டி, பல ஊர் சர்வர்ல ஏத்தி, அங்கிருந்து நம்ம போன் நாலஞ்சு துண்டைச் சேர்த்து வச்சுக்கிட்டுத் தான் காட்ட ஆரம்பிக்கும். நடுவுல நின்னு சுத்தக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. இதுல இருபது முப்பது விநாடி போயிரும். ஆனா சத்தம் காத்துல விநாடிக்கு 340 மீட்டர் போகும். முன்னூறு மீட்டர்ல இருக்கற டீக்கடைக்கு ஒரு விநாடி கூட ஆகாது. சர்வர் இல்ல, சந்தா இல்ல, பாஸ்வேர்டு இல்ல. உண்மையான நேரலை அந்த டீக்கடை பெஞ்சு தான்.

போனை அணைச்சுப் பையில போட்டுட்டேன். அப்ப தான் அப்பா அந்தக் குண்டைப் போட்டார்.

எங்க குடும்பத்துல ஒரு பெருமை உண்டு. 1986 செப்டம்பர் 22, இந்தியா ஆஸ்திரேலியா டை டெஸ்ட்டோட கடைசி நாள், எங்க அப்பா சேப்பாக்கத்துல இருந்தார் என்பது தான் அது. டெஸ்ட் வரலாற்றுல இன்னிக்கு வரைக்கும் ரெண்டே ரெண்டு டை தான். முதல்ல 1960ல பிரிஸ்பேன்ல, ரெண்டாவது சேப்பாக்கம். டீன் ஜோன்ஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சது, கடைசி நாள் இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு, கடைசி ஓவர்ல நாலு ரன் வேணும், கையில ஒரே விக்கெட், ரவி சாஸ்திரி ஒரு ரெண்டு, ஒரு ஒண்ணு எடுத்துச் சமன் பண்ணினது, ஐந்தாவது பந்துல மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 347ல ஆல் அவுட். இதையெல்லாம் பந்து பந்தா நான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவன். பொண்ணு பார்க்கப் போனப்ப, கிரிக்கெட் பைத்தியமான எங்க தாத்தாகிட்ட (அம்மாவோட அப்பா) இந்தக் கதையைச் சொல்லித் தான் அப்பா மார்க் வாங்கினாராம்.

டீ டம்ளரைக் கீழே வச்சுட்டு அப்பா சொன்னார்: "அன்னிக்கு நான் உள்ளே இல்லடா."

"என்னப்பா சொல்ற?"

"மாசக் கடைசி. கைல காசு இல்ல. ஆபீஸ்ல வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா டிக்கெட்டுக்குப் பணம் இல்ல. இந்தத் தெருல தான், இதே மாதிரி ஒரு கடைல நின்னேன். கடைல ரேடியோ இருந்துச்சு. ஆனா கூட்டம் ஜாஸ்தி, சரியா கேட்கல. சத்தத்தை வச்சுத் தான் கணக்கு. ரெண்டு ரன் எடுத்தப்ப ஒரு சத்தம். ஒண்ணு எடுத்தப்ப அதைவிடப் பெரிய சத்தம். ஜெயிச்சாச்சுன்னு நெனச்சோம். அப்புறம் திடீர்னு எல்லாம் நின்னு போச்சு. ஜெயிச்சோமா தோத்தோமான்னே தெரியல. தெரு முழுக்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கறோம். உள்ளே இருந்து வந்தவங்களுக்கே பாதிப் பேருக்குப் புரியல. யாரோ ஒருத்தர் தான் கத்தினார், 'டைய்யா, டை!'ன்னு."

நான் ஒண்ணும் பேசல. முப்பத்தொம்பது வருஷம் மூடி வச்ச பொய். கோபம் வரணும், வரல. "இத்தனை நாளா ஏம்ப்பா சொல்லல?"ன்னேன். "வெளியே நின்னேன்னு சொன்னா, பார்க்கலன்னு ஆயிருமேடா"ன்னார்.

அந்த வார்த்தை தான் என்னைத் தூங்க விடாம அடிச்ச வார்த்தை. இப்ப ரயில் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலுக்கு வரேன்.

எங்க ஊர் பேரே கோயில் பேர். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயில். அதனால எனக்குத் தெரிஞ்ச உதாரணத்தையே சொல்றேன். கோயில்னா கர்ப்பக்கிரகம் மட்டும் இல்ல. சன்னதித் தெரு, மாட வீதி, தேர் நிலை, பூக்கடை எல்லாம் சேர்ந்தது தான். உற்சவர் எதுக்கு வீதிக்கு வர்றார்? உள்ளே வர முடியாதவங்க, முடியாம படுத்திருக்கறவங்க, ஒரு காலத்துல உள்ளே விடாம தடுக்கப்பட்டவங்க எல்லாரும் பார்க்கட்டும்னு தான். மாட வீதியை எடுத்துட்டா கோயில் வெறும் கல் கட்டடம். பெல்ஸ் ரோடு, வாலாஜா ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு, இதெல்லாம் சேப்பாக்கத்தோட மாட வீதி. அங்க கேட்கற சத்தம் தான் உற்சவர். எங்க அப்பா அன்னிக்கு மேட்ச் பார்த்தார். உள்ளே இருந்து பார்க்கல, வீதில நின்னு சேவிச்சார். அவ்வளவு தான் வித்தியாசம்.

பஸ் ஸ்டாண்டை மாத்தலாம். பஸ் ஸ்டாண்டு ஊரை விட்டுக் கிளம்பறதுக்கான இடம், அது ஊர் எல்லைல இருந்தா தப்பில்ல (கோயம்பேடு கடைக்காரங்க வயித்தெரிச்சல் வேற விஷயம், அதுவும் நியாயம் தான்). ஆனா ஸ்டேடியம் ஊர் கூடறதுக்கான இடம். அதை ஊருக்கு வெளியே வச்சா, அதைச் சுத்திப் பார்க்கிங் மட்டும் தான் கூடும்.

சும்மா சொல்லலீங்க. புனேல நடுநகரத்துல நேரு ஸ்டேடியம் இருக்க, எக்ஸ்பிரஸ்வே ஓரத்துல கஹுஞ்சேல 2012ல புதுசு திறந்தாங்க. காவிரிப் போராட்டத்தப்ப 2018ல நம்ம சென்னை டீமோட மேட்ச் எல்லாம் அங்க தான் மாறுச்சு. ரயில் வச்சு இங்கிருந்து ரசிகர்களை அழைச்சுட்டுப் போனாங்க. நல்ல ஸ்டேடியம் தான், குறை சொல்லல. ஆனா அதுக்கு ஒரு பெல்ஸ் ரோடு இல்ல.

இன்னொரு உதாரணம், நான் கண்ணால பார்த்தது. 2023ல மூணு மாசம் ஆன்சைட்னு சிகாகோ அனுப்பினாங்க. அங்க ரிக்லி ஃபீல்டுன்னு ஒரு பேஸ்பால் ஸ்டேடியம், 1914ல கட்டினது. நம்ம சேப்பாக்கம் மைதானம் 1916. கிட்டத்தட்ட ஒரே செட்! இருக்கையும் நாப்பதாயிரத்துச் சொச்சம். எல் ரயில்ல அடிசன் ஸ்டேஷன்ல இறங்கினா அடுத்த கட்டடம் ஸ்டேடியம். நாலா பக்கமும் வீடுங்க, சாப்பாட்டுக் கடைங்க. எதிர்வீட்டு மொட்டை மாடில படிக்கட்டு மாதிரி பெஞ்சு போட்டு டிக்கெட் வித்து மேட்ச் காட்டறாங்க. 2004ல டீம்காரங்க அவங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டு, வசூல்ல 17 சதவீதம் வாங்கிக்க ஆரம்பிச்சாங்க. தெருவுல சில பேர் கைல கிளவுஸ் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. எதுக்குன்னு கேட்டா, சுவரைத் தாண்டி விழற பந்தைப் பிடிக்கவாம். டிக்கெட் இல்லாம, தெருல நின்னு! நான் அந்த விளையாட்டுல ஒரு மண்ணும் புரியாம ஒரு மணி நேரம் அந்தத் தெருலயே நின்னுட்டு வந்தேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு.

ஆனா எனக்கு அங்க பிடிச்சது வேற. ராத்திரி மேட்ச் வேணாம்னு அக்கம்பக்கத்துக்காரங்க கொடி பிடிச்சதால 1988 ஆகஸ்ட் வரைக்கும் அந்த ஸ்டேடியத்துல விளக்கே கிடையாது. விளக்கு வந்த பிறகும் வருஷத்துக்கு இத்தனை ராத்திரி மேட்ச் தான்னு நகராட்சி கணக்கு வச்சிருக்கு. ராத்திரி மேட்ச் அன்னிக்குச் சுத்துப்பட்டுத் தெருவுல வீட்டுக்காரங்க வண்டிக்குத் தான் அனுமதி. அதாவது, ஸ்டேடியம் பக்கத்துல குடியிருக்கறவனுக்கு ஒரு வாய் இருக்கு. அதை ஸ்டேடியம் கேட்டாகணும்.

இங்க ரயில் அண்ணன் பக்கமும் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். மேட்ச் அன்னிக்குத் திருவல்லிக்கேணிக்காரங்க படற பாடு சாதாரணம் இல்ல. வாசல்ல யாரோ வண்டியை நிறுத்திட்டுப் போயிருப்பான். தெருவை அடைச்சு வச்சா சொந்த வீட்டுக்கே சுத்திட்டுப் போகணும். ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்றதுன்னு டீ மாஸ்டரே கேட்டார். ஆனா அதுக்குத் தீர்வு ஸ்டேடியத்தைத் தூக்கறது இல்லீங்க, வண்டியைத் தூக்கறது. ஸ்டேடியம் பக்கத்துலயே பறக்கும் ரயில். வாலாஜா ரோடு முனைக்குப் பக்கத்துல அரசினர் தோட்டம் மெட்ரோ. 2023ல மேட்ச் டிக்கெட்டைக் காட்டினா மெட்ரோல இலவசம்னு ஏற்பாடு பண்ணினாங்களே, அந்த மாதிரி. நான் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்து ரயில்லயே வர முடியும்னா, அண்ணா நகர்ல இருந்து கார்ல தான் வருவேன்னு யாரும் அடம் பிடிக்க வேணாம்.

நிஜமான பயம் எனக்கு வேற. ஸ்டேடியத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டியதே இல்ல, இருந்த இடத்துலயே ஊரை விட்டுத் தள்ளிப் போக வச்சிரலாம். சுவர் உசந்துக்கிட்டே போகுது, விலையும் உசந்துக்கிட்டே போகுது. 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பின ஐ, ஜே, கேன்னு மூணு காலரி, அனுமதிச் சிக்கலால பல வருஷம் பூட்டியே கிடந்துச்சு. டிவில மேட்ச் பார்த்தவங்களுக்கு அந்த வெறும் நாற்காலிங்க ஞாபகம் இருக்கும். அப்புறம் அது திறந்து, 2023 மார்ச்ல கலைஞர் பேர்ல புது காலரியும் வந்துச்சு. எல்லாம் சந்தோஷம். ஆனா அந்த நாற்காலில யார் உக்கார்றா?

1952ல இந்தியா முதன்முதலா ஒரு டெஸ்ட் மேட்ச் ஜெயிச்சது இங்க தான், இங்கிலாந்தை. 1999 ஜனவரில சச்சின் முதுகுவலியோட 136 அடிச்சும் 12 ரன்ல தோத்தோம். அன்னிக்கு பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுத்தி வந்தப்ப எழுந்து நின்னு கை தட்டின கூட்டம் நம்ம கூட்டம். அந்தப் பேரை உலகம் இன்னும் சொல்லுது. அந்தக் கூட்டம் வானத்துல இருந்து குதிக்கல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை, ராயப்பேட்டைல இருந்து நடந்தும் சைக்கிள்லயும் வந்து, பொங்கல் டெஸ்ட்டுக்குப் புளியோதரை கட்டிக்கிட்டு அஞ்சு நாளும் வெயில்ல உக்காந்து விளையாட்டைக் கத்துக்கிட்ட கூட்டம். அந்தத் தெருக்காரன் இன்னிக்கு லேப்டாப் முன்னாடி ஒரு லட்சத்து ஒண்ணாவது ஆளா நிக்கறான்னா, அடுத்த 1999க்கு யார் எழுந்து நின்னு கை தட்டுவா?

அதனால என் கோரிக்கை மூணே மூணு. ஒண்ணு, ஸ்டேடியத்தை எங்கயும் கொண்டு போகாதீங்க. முக்கியமா எங்க ஊருக்கு! ரெண்டு, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு ஆயிரம் டிக்கெட்டாவது குறைஞ்ச விலைல, நேர்ல வந்து அடையாள அட்டை காட்டினா ஆளுக்கு ஒண்ணுன்னு கொடுங்க. கள்ளச் சந்தை வரும்னு சொல்லாதீங்க, ஆன்லைன்ல மட்டும் வரலையா? மூணு, மேட்ச் அன்னிக்குத் தெருவை ஒழுங்குபடுத்துங்க, துடைச்சு வைக்காதீங்க. பீப்பீ விக்கறவரையும் சுண்டல்காரரையும் விரட்டிட்டு அந்த இடத்துல விளம்பரத் தட்டி வச்சா, அதுக்கப்புறம் அது எந்த ஊர் ஸ்டேடியமா வேணா இருக்கலாம்.

ஒன்பது மணிக்கு மேல கிளம்பிட்டோம், கடைசி நேரத்து ரயில் கூட்டத்துல அப்பாவால நிக்க முடியாது. சேப்பாக்கம் பிளாட்பாரத்துல நிக்கறப்ப இன்னொரு சத்தம் வந்துச்சு, என்னன்னு தெரியல. நான் போனை எடுத்தேன். அப்பா "வேணாம் விடு, நம்ம பசங்க பேட்டிங் இறங்கிட்டாங்க போல"ன்னார். கூடுவாஞ்சேரி தாண்டினதுக்கு அப்புறம் தான் போனைப் பார்த்தேன், ரச்சின் ரவீந்திரா சிக்ஸ் அடிச்சு முடிச்சிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "மேட்ச் பார்த்தீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் முந்திக்கிட்டேன்.

"பார்த்தோம்மா."

டிஸ்கி 1: அந்த டை டெஸ்ட் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதிட்டேன். சொந்தக்காரங்க யாராவது படிச்சா வாயை மூடிக்கிட்டு இருக்கவும்.

டிஸ்கி 2: மறைமலை நகர் அண்ணே, நாளைக்கு 7:40 வண்டில பார்க்கலாம். சண்டையை அங்க வச்சுக்கலாம்.